இருபத்தைந்து பேர் போட்ட ஒப்பந்தம்: ஹியெய் மலையில் ஓயாத ஜபத்துக்கென ஒரு கூட்டம் பிறந்த கதை

கி.பி. 986ஆம் ஆண்டு, ஜப்பானியச் சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம், 23ஆம் நாள். கியோட்டோ நகருக்கு வடகிழக்கே நிற்கும் ஹியெய் மலையில், யோகாவா என்ற ஒதுக்குப்புறப் பகுதியைச் சேர்ந்த 25 துறவிகள் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் வரிசையாகக் கையொப்பமிட்டார்கள். இன்றிலிருந்து நாம் ஒருவருக்கொருவர் நல்வழித் துணைவர். நம்மில் ஒருவர் நோயில் விழுந்தால், நல்ல நாள் கெட்ட நாள் பாராமல் மற்றவர்கள் போய்ப் பக்கத்தில் இருப்போம். அவருடைய கடைசி மூச்சு வரை அமிதாப புத்தரின் பெயரை அவரோடு சேர்ந்து சொல்வோம். பத்திரத்தின் சாரம் இவ்வளவுதான்.

அதில் இன்னொரு வாக்குறுதியும் உண்டு. இறந்தவர் சுகாவதியில், அதாவது மேற்கே இருப்பதாக நம்பப்பட்ட அமிதாபரின் தூய நிலத்தில், பிறந்துவிட்டால் கனவிலோ நனவிலோ வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தீய கதியில் விழுந்துவிட்டாலும் வந்து சொல்ல வேண்டும். முதல் முறை இதைப் படித்தபோது நான் வெகுநேரம் இந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மறுமையில் நம்பிக்கை உள்ளவர்கள் நல்ல செய்தியை எதிர்பார்ப்பது இயல்பு. இவர்களோ கெட்ட செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். நண்பன் எங்கே துன்பப்படுகிறான் என்று தெரிந்தால்தானே அவனுக்காக இன்னும் ஜபிக்க முடியும்.

இந்தக் கூட்டத்துக்கு நிஜூகோ சன்மாய்-எ என்று பெயர். ‘இருபத்தைந்து சமாதிக் கூட்டம்’ என்று பொருள். உயிர்கள் சுழலும் 25 வகைப் பிறவி நிலைகளையும், அவை ஒவ்வொன்றையும் அறுக்கும் 25 வகைத் தியானங்களையும் மகாபரிநிர்வாண சூத்திரம் பேசுகிறது. ஆள் எண்ணிக்கையும் பெயரும் அங்கிருந்து வந்தவை.

இந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கென்ஷின் என்ற அறிஞரின் பெயரோடு தொடங்குவார்கள். அதில் பெரிய தவறில்லை. கூட்டத்தின் உயிர்மூச்சான நூலை எழுதியவர் அவர்தான். ஆனால் முதல் 25 கையொப்பங்களில் அவர் பெயர் இல்லை. பின்னர் சேர்ந்தவர்களின் பட்டியலில்தான் அது வருகிறது. பெரும்பாலும் பெயர் பெறாத சாதாரணத் துறவிகள் கூடித் தொடங்கினார்கள். குரு பின்னால் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். ஒரு சமயக் கூட்டத்தின் தோற்றத்தை ஆராயும்போது இது சின்ன விஷயமல்ல.

யோகாவா என்ற இடம்

ஹியெய் மலை முழுவதும் தென்தாய் பௌத்தப் பிரிவின் தலைமையிடம். அங்கே கிழக்கு வளாகம், மேற்கு வளாகம் என்று கோயில் கூட்டங்கள் இருந்தன. இவ்விரண்டுக்கும் வடக்கே, காட்டுக்குள் தள்ளி இருப்பது யோகாவா.

அந்த இடமே ஒரு நோயாளியால் உண்டானது. என்னின் (794–864) என்ற துறவிக்கு நாற்பது வயதை ஒட்டி உடல் தளர்ந்தது, கண்பார்வை மங்கியது. இனி நாட்கள் அதிகமில்லை என்று நினைத்து, மலையின் வடபகுதியில் ஒரு புல் குடிசை போட்டுக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தார். சாவு வரவில்லை. உடல் தேறியது. அங்கேயே தாமரைச் சூத்திரத்தைப் பயபக்தியோடு படியெடுத்தார். பிறகு 838இல் கடல் கடந்து சீனம் போய், ஒன்பது ஆண்டுகள் அலைந்து, 847இல் திரும்பினார். அவர் குடிசை போட்ட பகுதியில்தான் ஷுரியோகோன்-இன் கோயில் எழுந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த 25 பேர் கூடியதும் அங்கேதான்.

ஓயாமல் ஜபிப்பது

இடைவிடாத ஜபம் என்ற எண்ணம் இந்த 25 பேரின் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு நீண்ட மரபு உண்டு. தென்தாய் பிரிவின் சீன மூலமான தியான்தாய் மரபை நிறுவிய ஜியீ, ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் நான்கு வகைச் சமாதிப் பயிற்சிகளை வகுத்தார். அவற்றில் ஒன்று ‘எப்போதும் நடக்கும் சமாதி’. தொண்ணூறு நாட்கள் அமிதாபர் சிலையைச் சுற்றி நடக்க வேண்டும். படுக்கக் கூடாது. வாயில் நாமம், மனத்தில் உருவம். அடிக்கு அடி, ஒலிக்கு ஒலி, எண்ணத்துக்கு எண்ணம் அமிதாபர் மட்டுமே என்பது ஜியீயின் வாசகம். இதற்கு அடிப்படையான சூத்திரத்தைக் குஷானர் நாட்டிலிருந்து வந்த லோகக்ஷேமர் 179இலேயே சீனத்தில் மொழிபெயர்த்திருந்தார்.

என்னின் சீனத்தில் வூதாய் மலைக்குப் போனபோது அங்கே வேறொரு முறையைக் கண்டார். ஃபாஜாவோ என்ற துறவி ஏற்படுத்திய, ஐந்து விதச் சுரங்களில் நாமத்தை இசையாகச் சொல்லும் முறை அது. கூடிப் பாடுவது. தொண்ணூறு நாள் தனியாக நடக்கிறவனின் கடுமை இதில் இல்லை. குரல்கள் சேரும்போது எழும் இனிமை உண்டு. என்னின் அதை ஹியெய்க்குக் கொண்டுவந்தார். அவர் காலமான மறு ஆண்டு, 865இல், சீடர் சோஓ குருவின் விருப்பப்படி அதை ஆண்டுச் சடங்காகத் தொடங்கினார். எட்டாம் மாதம் 11ஆம் நாள் விடியலில் தொடங்கி 17ஆம் நாள் இரவு வரை, ஏழு நாட்கள் ஓயாத நாமம். ஜப்பானிய மொழியில் ஃபுதான் நென்புட்சு. ‘ஃபுதான்’ என்றால் அறுபடாத. ‘நென்புட்சு’ என்றால் புத்தரை நினைத்தல். வாயில் சொல்லும் வடிவம் ‘நமு அமிதா புட்சு’. வடமொழி ‘நமோ அமிதாப புத்தாய’ போகிற வழியில் தேய்ந்து, பாமரன் நாவிலும் தங்குகிற அளவுக்குச் சிறுத்துப் போனது.

984இல் மினமோதோ நோ தமெனோரி என்ற அதிகாரி, துறவு பூண்ட ஓர் இளவரசிக்காக பௌத்த விளக்க நூல் ஒன்றை எழுதினார். அதில் இந்தச் சடங்கு வருகிறது. உடல் எப்போதும் புத்தரைச் சுற்றுகிறது, உடலின் பாவம் தீரும். வாய் எப்போதும் சூத்திரம் சொல்கிறது, வாயின் குற்றம் அழியும். மனம் எப்போதும் புத்தரை நினைக்கிறது, மனத்தின் பிழை ஒழியும் என்று அழகாகச் சொல்கிறார்.

அழகுதான். ஆனால் 17ஆம் நாள் இரவு அந்த ஜபம் முடிந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள். 18ஆம் நாள் காலையில் ஒருவன் சாகக் கிடந்தால், அவனுக்கு யார் நாமம் சொல்வது? யோகாவாவின் 25 பேரும் இந்தக் கேள்வியிலிருந்துதான் புறப்பட்டார்கள் என்பது என் வாசிப்பு. ‘அறுபடாத’ என்ற சொல்லைச் சடங்கு அட்டவணையிலிருந்து எடுத்து மனிதர்களுக்கு இடையே வைத்தார்கள்.

நிலா வெளிச்சத்தில் நடந்தவர்கள்

இன்னொரு வேர் மலையடிவாரத்தில் இருந்தது. 964இல் அரசப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 20 பேரும், ஹியெய் துறவிகள் 20 பேரும் சேர்ந்து கங்காகு-எ என்ற ‘கல்வி ஊக்கக் கூட்டம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். மூன்றாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் 15ஆம் நாள் கூடுவார்கள். காலையில் தாமரைச் சூத்திர உரை, மாலையில் நாமஜபம், இரவு முழுவதும் புத்தரைப் போற்றிச் சீன மொழியில் கவிதை.

14ஆம் நாள் மாலையே துறவிகள் மலையிலிருந்து இறங்கிவிடுவார்கள். மாணவர்கள் நகரத்திலிருந்து நிலா வெளிச்சத்தில், சீனக் கவி பாய் ஜூயியின் வரிகளைச் சொல்லிக்கொண்டே நடந்து வருவார்கள். கோயிலை நெருங்கும்போது உள்ளே இருக்கும் துறவிகள் தாமரைச் சூத்திரத்தின் செய்யுளால் எதிர்க்குரல் கொடுப்பார்கள். கவிதை ஒரு பக்கம், சூத்திரம் மறு பக்கம். நடுவில் இருட்டும் நிலவும். தமெனோரியின் வர்ணனையில் இதைப் படிக்கும்போது அந்த இளைஞர்கள் மீது பிரியம் உண்டாகிவிடுகிறது.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் கிடையாது. கோயில் கோயிலாக இடம் கேட்டு அலைந்தார்கள். மாணவர்கள் அதிகாரிகளானதும் திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். நன்றாகத் தொடங்கியது இருபது ஆண்டுகளில் ஓய்ந்துபோனது. ஆண்டுக்கு இரண்டு இரவுகள் மட்டும் சேர்ந்து நல்லவர்களாக இருப்பது ஒரு கூட்டத்தைக் கட்டிக்காக்கப் போதாது.

கங்காகு-எவின் முக்கியப் புள்ளி யோஷிஷிகே நோ யசுதானே. எழுத்தில் கைதேர்ந்தவர். தூய நிலத்தில் பிறந்ததாக நம்பப்பட்ட ஜப்பானியர்களின் வரலாறுகளைத் தொகுத்தவர். 986 நான்காம் மாதத்தில் அரசுப் பணியை உதறித் தலையை மழித்துத் துறவியானார். அடுத்த மாதம் யோகாவாவில் அந்த 25 கையொப்பங்கள். கூட்டத்துக்கு அதே ஆண்டு ஒன்பதாம் மாதம் எழுந்த எட்டு விதிகளை எழுதியவராக மரபு அவரைத்தான் சொல்கிறது. தளர்ந்த கூட்டம் ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் அவர். புதிய கூட்டத்தின் விதிகள் ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜேதவனத்தின் வடமேற்கு மூலை

இனி கென்ஷின். பிறப்பு 942, யமாதோ நாட்டுத் தைமா என்ற ஊரில். ஹியெயின் தலைமைத் துறவி ரியோகெனின் சீடர். ரியோகென் பெரிய நிர்வாகி. அரசகுல ஆதரவைப் பெற்று மலையை மீண்டும் எழுப்பியவர். அதே ஆதரவு பிரபுக் குடும்பப் பிள்ளைகளுக்கு உயர் பதவிகளைத் திறந்துவிட்டது. கென்ஷின் அந்த ஓட்டத்திலிருந்து விலகி யோகாவாவில் ஒதுங்கினார். 984 பதினோராம் மாதத்தில் ‘ஓஜோயோஷூ’ (தூய நிலத்தில் பிறப்பதற்கான சாரத் தொகுப்பு) என்ற நூலை எழுதத் தொடங்கினார். இடையில் 985 தொடக்கத்தில் குரு காலமானார். நான்காம் மாதத்தில் நூல் முடிந்தது.

அந்நூல் நரக வர்ணனைகளுக்காகப் பெயர் பெற்றது. ஓவியர்கள் பல நூற்றாண்டுகள் அதிலிருந்துதான் நரகத்தை வரைந்தார்கள். ஆனால் யோகாவாவின் 25 பேர் கையில் எடுத்தது ஆறாம் இயலில் வரும் மரணப் படுக்கைப் பகுதியை என்று நான் எண்ணுகிறேன். வினயம் எனப்படும் துறவொழுக்க விதிகளின் சீன ஆசிரியர் தாவ்ஷுவானின் நூலிலிருந்து கென்ஷின் ஒரு செய்தியை எடுத்துத் தருகிறார். சிராவத்தியில் புத்தர் தங்கிய ஜேதவனத்தின் வடமேற்கு மூலையில் ‘நிலையாமை மண்டபம்’ என்று ஒன்று இருந்ததாம். நோயுற்ற துறவியை அங்கே கொண்டுபோய்விடுவார்களாம். ஏன்? தன் அறையிலேயே கிடந்தால் தன் சீவர ஆடை, தன் ஓடு, தன் தட்டுமுட்டுச் சாமான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், பற்று விடாது. துறவிக்கு இருப்பதே ஒரு திருவோடும் ஓர் ஆடையும். அதையும் பார்த்துக்கொண்டு சாக வேண்டாம் என்ற கவலை எனக்கு மிக நுட்பமாகப் படுகிறது.

அந்த மண்டபத்தில் பொன்பூச்சுச் சிலை ஒன்று மேற்கு நோக்கி நிற்கும். வலக்கை உயர்ந்திருக்கும். இடக்கையில் ஐவண்ணத் துணி ஒன்று கட்டித் தரையில் தொங்கும். நோயாளியைச் சிலைக்குப் பின்னால் கிடத்தி, அந்தத் துணியின் முனையைக் கையில் கொடுப்பார்கள். புத்தர் முன்னே நடக்க, பின்னால் துணியைப் பிடித்துக்கொண்டு போகிற குழந்தை மாதிரி.

சீனத் தூய நில ஆசிரியர் ஷான்தாவோவிடமிருந்து எடுத்த அறிவுரைகளும் அங்கே உண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் நோயாளியிடம் என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். சொன்னதை எழுதிக்கொள்ள வேண்டும். பயங்கரக் காட்சி தெரிகிறது என்றால் அவரோடு சேர்ந்து பாவமன்னிப்பு வேண்டி ஜபிக்க வேண்டும். மதுவும் இறைச்சியும் உண்டவர்கள் அருகில் வரக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது. சாகும் நேரத்து ஓர் எண்ணம் நூறு ஆண்டு வினையை விட வலியது என்பது கென்ஷினின் வாக்கு. வாழ்நாள் முழுவதும் ஜபித்தவன்கூட அந்தக் கடைசி நிமிடத்தில் வலியில் துடித்து நாமத்தை மறந்துவிடலாம். அப்போது அவன் காதில் இன்னொருவன் குரல் விழ வேண்டும். தனியாக இருந்தால் அது நடக்காது. கூட்டம் வேண்டும்.

தலைநகரில் சாவு எப்படி இருந்தது

விதிகளுக்குள் போகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். அன்றைய ஜப்பானில் சாவு பெரும் தீட்டு. 927இல் தொகுக்கப்பட்ட எங்கிஷிகி என்ற அரசச் சட்டத் தொகுப்பு, மனிதச் சாவின் தீட்டுக்கு 30 நாட்கள் என்று வரையறுத்திருந்தது. அந்த நாட்களில் அரண்மனைக்குப் போக முடியாது. கோயில் சடங்கில் கலந்துகொள்ள முடியாது. அதனால் பிழைக்க மாட்டான் என்று தெரிந்த வேலைக்காரனை உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடும் வழக்கம் இருந்தது. ஏழைகளின் உடல்கள் தலைநகருக்குக் கிழக்கே தோரிபெனோ வெளியில் கிடந்தன. நாள், திசை, சகுனம் பார்க்காமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள்.

அந்த நாட்டில்தான் 25 பேர், நாள் பார்க்க மாட்டோம், தீட்டுப் பார்க்க மாட்டோம், சாகிறவனைத் தொட்டுத் தூக்குவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

விதிகள்

986இல் எட்டு விதிகள். 988 ஆறாம் மாதம் 15ஆம் நாள் தேதியிட்டு, கென்ஷின் பெயரில், பன்னிரண்டாக விரிந்த விதிகள். முதலாவது, ஒவ்வொரு மாதமும் 15ஆம் நாள் இரவு ஓயாத நென்புட்சு செய்ய வேண்டும் என்பது. அன்று பௌர்ணமி; அமிதாபருக்கு உரிய நாள். மதியத்துக்குப் பின், ஜபத்துக்கு முன், தாமரைச் சூத்திர உரை நடக்க வேண்டும். சிலைக்குப் படையலும் விளக்கும் உறுப்பினர்கள் முறைவைத்துக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றும் வழிபாடு பற்றியவை.

மற்றவற்றைப் படித்தால் விதிகளின் கனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒருவரையொருவர் தாய் தந்தையாக, உடன்பிறந்தவராக எண்ண வேண்டும். ஒருவர் நோயுற்றால் முறைபோட்டுக் காவல் இருக்க வேண்டும். தனியாக ஒரு வீடு கட்டி, அதற்கு ஓஜோ-இன், ‘பிறந்து போகும் இல்லம்’ என்று பெயரிட்டு, நோயாளியை அங்கே மாற்ற வேண்டும். முன்கூட்டியே நல்ல இடம் பார்த்து, ஒரு தூபி எழுப்பி, எல்லோருக்கும் பொதுவான இடுகாடாக வைத்துக்கொள்ள வேண்டும். இறந்தவரின் உடல் மீது, மந்திரம் ஓதி வைத்த மண்ணைத் தூவ வேண்டும். எல்லோரும் கூடி அடக்கம் செய்து அங்கேயும் ஜபிக்க வேண்டும். இந்த விதிகளை மதிக்காமல் சோம்பிக் கிடப்பவரைக் கூட்டத்திலிருந்து நீக்க வேண்டும்.

அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பௌர்ணமி இரவு ஜபம் முடிந்ததும், ‘ஓம் அமோக வைரோசன’ என்று தொடங்கும் ஒளி மந்திரத்தை ஒரு கைப்பிடி மணல் மீது ஓதுவார்கள். அந்த மணல் பட்ட உடலுக்கு உரியவன் கொடும்பாவியாக இருந்து நரகத்தில் கிடந்தாலும், அங்கிருந்து விடுபட்டுத் தூய நிலத்தில் பிறப்பான் என்று அமோகபாச சூத்திரம் சொல்கிறது. தூய நிலப் பக்தியும் தந்திர வழிபாடும் தனித்தனி என்று பாடநூல்கள் பிரித்துக் காட்டும். இவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. நண்பனுக்குப் பயன்படும் எதையும் விட்டுவைக்க அவர்களுக்கு மனமில்லை.

ஒரு பௌர்ணமி இரவு

பிற்பகலில் கூடுவார்கள். உரை முடிந்து, அதன் புண்ணியத்தை எல்லா உயிர்களுக்கும் தாரைவார்த்து, விதிகளை உரக்கப் படிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் ஜபம் தொடங்கும். அமிதாப சூத்திரத்தைப் பன்னிரண்டு முறை ஓதுவார்கள். ஒவ்வொரு முறையும் ஓதி முடித்ததும் நாமம், வணக்கம், மீண்டும் சூத்திரம். மறுநாள் காலை வெயில் ஏறும்போது முடிப்பார்கள்.

யோகாவா குளிர் மிகுந்த இடம். பனிக்காலத்து நள்ளிரவில், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டியவர் எழுந்து போவதையும், தொண்டை கட்டியவர் உதட்டை மட்டும் அசைப்பதையும், பக்கத்தில் இருப்பவர் குரல் அந்த இடைவெளியை நிரப்புவதையும் என்னால் மனத்தில் பார்க்க முடிகிறது. தனி ஒருவனால் ஓயாமல் ஜபிக்க முடியாது. மூச்சு வாங்க வேண்டும், இரும வேண்டும், கண் செருகும். பலர் சேர்ந்தால் யாரோ ஒருவர் மூச்சு வாங்கும் நேரத்தில் மற்றவர் சொல்லிக்கொண்டிருப்பார். பௌர்ணமி இரவில் அவர்கள் பழகியது இதைத்தான். அந்தப் பழக்கம் நோயாளியின் படுக்கைக்கு அருகில் அப்படியே பயன்பட்டது. அங்கே இருவர் இருவராக முறைக்காவல். ஒருவர் நாமம் சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர் தண்ணீர், துணி, வெளிவேலை பார்த்துக்கொள்வார்.

படுக்கையில் கிடப்பவரிடம் என்ன பேச வேண்டும் என்பதையும் கென்ஷின் எழுதி வைத்திருக்கிறார். ‘புத்தரின் பிள்ளையே’ என்று அழைத்துத் தொடங்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் மேற்கை நோக்கியே வாழ்ந்தாய், இப்போது கண்ணை மூடிக் கைகுவித்துக்கொள், புத்தரின் உருவம் தவிர வேறெதையும் பார்க்காதே, புத்தரின் சொல் தவிர வேறெதையும் கேட்காதே என்று பத்துப் படிகளாக அந்தப் பேச்சு போகிறது. அதைப் படித்தால் வைத்தியம் கைவிட்ட பிறகும் ஒருவனுக்குச் செய்ய எவ்வளவோ மிச்சமிருக்கிறது என்று தோன்றும்.

இறந்தவர் பதிவேடு

1013இல் கூட்டம் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. 51 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. 17 பேருக்கு மட்டும் வாழ்க்கைக் குறிப்பும் மரணக் குறிப்பும் உண்டு. பெயர்களில் ஒன்று கசான் பேரரசருடையது. இந்தக் கூட்டம் தொடங்கிய ஒரு மாதத்தில், 986 ஆறாம் மாதம், பதினெட்டுப் பத்தொன்பது வயதில் அரியணையைத் துறந்து தலையை மழித்துக்கொண்டவர் அவர். பேரரசராக இருந்தவரும் பெயரறியாத மலைத்துறவியும் ஒரே தாளில், ஒரே வரிசையில்.

வேறொரு சமயக் கூட்டமாக இருந்தால் எல்லோரும் நல்ல கதி அடைந்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கும். இந்தப் பதிவேடு அப்படிச் செய்யவில்லை. யார் எப்படிப் போனார், அருகில் இருந்தவர் என்ன கண்டார், பிறகு யாருக்கு என்ன கனவு வந்தது என்று தெரிந்ததை எழுதுகிறது. எழுத எதுவும் இல்லாதபோது பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. ஆய்வு செய்கிறவனுக்கு இந்த நாணயம் பெரிய கொடை.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஹியெய் மலைக்குப் பெண்கள் ஏறக் கூடாது என்ற தடை 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி காலம் வரை நீடித்தது. அந்தப் படுக்கைக் காவல் ஒரு தாய்க்கோ சகோதரிக்கோ மலை மேல் கிடைக்க வழியில்லை. கடைசி எண்ணத்துக்கு அவ்வளவு எடை கொடுத்தது புதிய பயத்தையும் உண்டாக்கியது. வழியில் திடீரென்று செத்தால்? நினைவு தப்பிப் போனால்? இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கென்ஷினைத் தன் ஏழு குருமார்களில் ஆறாமவராகப் போற்றிய ஷின்ரானே, 1251இல் ஒரு கடிதத்தில், உண்மையான நம்பிக்கை உறுதிப்பட்டவன் சாகும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று எழுதினார். அந்தப் பயத்திலிருந்து மக்களை விடுவிக்க அது தேவைப்பட்டது. ஆனால் படுக்கை அருகே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற தேவை அந்தக் கடிதத்தால் தீர்ந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

சன்மாய், சமாதி

இந்த முறை மலையை விட்டு இறங்கி, பல ஊர்களில் இதே பெயரில் கூட்டங்கள் தோன்றின. ‘சன்மாய்’ என்பது சமாதி என்ற வடமொழிச் சொல்லின் ஜப்பானிய ஒலிப்பு. மேற்கு ஜப்பானின் பல பகுதிகளில் இடுகாட்டுக்கே சன்மாய் என்று பெயர் வந்துவிட்டது. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யோகியின் ஒடுக்கமும் சமாதி, அவர் அடங்கிய இடமும் சமாதி என்று நாமும் ஒரே சொல்லால் சொல்கிறோம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே சொல்லை ஒரே திசையில் கொண்டுபோயிருக்கின்றன.

1571இல் ஓதா நொபுநாகாவின் படைகள் ஹியெய் மலையைக் கொளுத்தின. இன்று யோகாவாவில் நிற்பவை அதற்குப் பிறகு எழுந்தவை. நடு மண்டபம் 1942இல் இடி விழுந்து எரிந்து, 1971இல் மீண்டும் கட்டப்பட்டது. கென்ஷின் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் எஷின்-தோ என்ற சிறு மண்டபம் இருக்கிறது. 1985இல், ஜப்பானியப் பௌத்தர்கள் சிலர் சாகும் நிலையில் இருக்கும் நோயாளிகளுக்கான இல்லங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, ‘விஹாரா’ என்ற இந்தியச் சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள். ஜேதவனத்தின் மூலை மண்டபம் அவர்கள் பேச்சில் மறுபடி வந்தது.

கென்ஷின் 1017 ஆறாம் மாதம் 10ஆம் நாள், 76ஆம் வயதில் காலமானார். தான் எழுதியபடியே அமிதாபர் சிலையின் கையில் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மூக்குமயிரைக் களையச் சொல்லி, வாய் கொப்பளித்து, உடலைச் சுத்தமாக வைத்துக்கொண்டார். பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தார். தூங்குகிறார் என்று அருகில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

ஒப்பந்தப்படி அவரும் வந்து சொல்ல வேண்டும் அல்லவா. யோகாவாத் துறவி ஒருவர் அவர் எங்கே பிறந்தார் என்று அறிய வெகுநாள் வேண்டிக்கொண்டிருந்தார். கனவில் கென்ஷின் வந்தார். தூய நிலத்தில் பிறந்துவிட்டீர்களா என்று கேட்டார் துறவி. பிறந்தேன் என்றும் சொல்லலாம், பிறக்கவில்லை என்றும் சொல்லலாம் என்றார் அவர். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, புத்தரைச் சுற்றிப் பெரியவர்கள் கூட்டமாக நிற்கும்போது நான் எல்லோருக்கும் வெளியே, கடைசி வரிசையில் நிற்கிறேன் என்று பதில் வந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே, கூட்டத்தார் அதை அப்படியே எழுதி வைத்தார்கள்.